85ஆம் நாள் பிள்ளையை யார் பார்ப்பது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் பொதியிடும் பகுதியில் வேலைசெய்யும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். குழந்தைக்கு ஐந்து மாதம் நடக்கிறது. 84 நாள் பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியவர், பால் கொடுப்பதற்கு இடைவேளை கேட்டபோது, "அப்படியொரு நேரம் இங்கே இல்லை, முடியாவிட்டால் கடிதம் எழுதித் தந்துவிட்டு நின்றுகொள்ளுங்கள்" என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். பிரதேச செயலகத்தில் வேலைசெய்யும் தன் மச்சாளுக்கு இதைவிட நீண்ட லீவு கிடைத்தது ஏன் என்றும், வேலைசெய்யும் தாய்மாரைப் பற்றி அரசுக்குக் கொள்கை என்று ஏதாவது இருக்கிறதா, அல்லது பிள்ளை பிறந்தால் வேலையை விடுவதுதான் வழியா என்றும் கேட்கிறார்.

தொழிற்சட்டத்தைப் பெண்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையில் வன்னிக் கிராமங்களில் பல ஆண்டுகள் திரிந்தவள் என்ற முறையில், அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்களாக விலகுவதாக ஒப்பமிட்ட ஒரு கடிதம் நிறுவனத்தின் கையில் இருந்தால், பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் உங்கள் முறைப்பாடு பலவீனமாகிவிடும். கர்ப்பத்தையோ பிரசவத்தையோ அதனால் வந்த சுகவீனத்தையோ மட்டும் காரணமாக வைத்து ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துவதை 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் தடைசெய்கிறது. நிறுத்த முடியாதவர்களைத் தாமாகவே நிற்க வைப்பதற்குத்தான் இப்படிப்பட்ட கடிதங்கள் கேட்கப்படுகின்றன.

நீங்கள் கேட்ட இடைவேளையும் அதே சட்டத்தில் இருக்கிறது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை பாலூட்டுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். வேலைத்தலத்திலேயே பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இடமோ பொருத்தமான வேறு இடமோ இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. அப்படி இடம் இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்கான நேரத்தை இதில் கழிக்க முடியாது. 2018ஆம் ஆண்டின் திருத்தங்களுக்குப் பிறகு கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்யும் தாய்மாருக்கும் இந்த உரிமை வந்துவிட்டது. ஆகவே "அப்படியொரு நேரம் இங்கே இல்லை" என்று சொன்னவர் சட்டம் தெரியாமல் சொல்லியிருக்க வேண்டும், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் சட்டத்தில் இரண்டு மணி நேரம் இருப்பதும், அந்த நேரத்துக்குள் பிள்ளை பால் குடிப்பதும் வேறுவேறு விடயங்கள். ஏ9 வீதிக்கு உள்ளே எட்டு, பத்துக் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஒரு கிராமத்திலிருந்து வரும் தாய்க்கு, பகல் பதினொரு மணிக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தால் என்ன பயன்? அந்த நேரத்தில் பஸ் இல்லை. முச்சக்கரவண்டிக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் பெரும்பகுதி போய்விடும். ஒரு தாயை நான் மறக்கவில்லை. மேற்சட்டையின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருக்க, அதன்மேல் ஒரு துவாயை மடித்து வைத்துக்கொண்டு, கழிப்பறைக்குள் நின்று பாலைக் கையால் பிழிந்து கழுவுதொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் பிள்ளை புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தது. மாவுக்கு அவர் கொடுத்த காசையும் தொட்டியில் ஓடிய பாலையும் நினைத்துப் பார்த்தால், பாலூட்டும் இடைவேளை என்ற ஏற்பாடு பிள்ளை தாயின் அருகில் இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது என்பது விளங்கும். பிள்ளை அருகில் இல்லாதபோது அந்த உரிமையில் பாதி போய்விடுகிறது. இந்த விடயத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன், ஏனென்றால் உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது.

மச்சாளின் லீவுக்கு வருவோம். இலங்கையில் பிரசவ லீவு, தாய் என்பதற்காக ஒரே அளவில் கிடைப்பதில்லை. எந்த வகையான இடத்தில் வேலைசெய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று வெவ்வேறு ஏற்பாடுகளில் ஒன்றுக்குள் நீங்கள் விழுகிறீர்கள். உங்கள் மச்சாள் அரச ஊழியர் என்பதால் தாபன விதிக்கோவை அவருக்குப் பொருந்துகிறது. அதன்படி முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள், விரும்பினால் அதற்குப் பிறகு அரைச் சம்பளத்துடன் 84 நாட்கள், இன்னும் வேண்டுமென்றால் சம்பளமில்லாமல் 84 நாட்கள். சனி, ஞாயிறு, போயா தினங்கள் முதலில் சொன்ன 84இல் சேராது என்பதால் அதுவே ஏறக்குறைய நாலு மாதமாக நீளும். கடைகள், அலுவலகங்களில் வேலைசெய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். அங்கேயும் வாராந்த விடுமுறையும் போயாவும் கணக்கில் வராது, சம்பளமும் முழுமையாகக் கிடைக்கும். தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலைசெய்யும் உங்களுக்கு மேலே சொன்ன 1939ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். அதில் 84 நாள் என்பது ஞாயிறும் போயாவும் சேர்ந்த 84 நாள், சரியாகப் பன்னிரண்டு வாரம். கொடுப்பனவும் நாட்சம்பளத்தின் ஏழில் ஆறு பங்கு. அதாவது 84 நாளுக்கு 72 நாட்கூலி.

ஏழில் ஆறு என்பது வாரத்தில் ஆறு நாள் வேலை, ஒரு நாள் கூலியில்லாத ஓய்வு என்ற பழைய கணக்கிலிருந்து வந்தது. அந்த அளவில் அதை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. தொழிற்சாலைப் பெண் மாதம் கையில் எடுக்கும் தொகையில் மேலதிக நேரக் கொடுப்பனவு, ஒழுங்காக வந்ததற்கான வரவுக் கொடுப்பனவு, இலக்கை முடித்ததற்கான ஊக்குவிப்பு என்பனவும் சேர்ந்திருக்கும். லீவில் இருக்கும் மூன்று மாதமும் அவை எதுவும் வராது. ஒரே முதலாளியின் கீழ், ஒரே வளவுக்குள், கணக்குப் பகுதியில் இருக்கும் பெண்ணும் பொதியிடும் பகுதியில் இருக்கும் பெண்ணும் ஒரே கிழமையில் பிள்ளை பெற்றாலும், முன்னவர் கூடுதலான நாட்கள் வீட்டில் இருப்பார், பின்னவர் முதலில் திரும்பி வருவார். இரண்டு பிள்ளைகளுக்கும் பசி ஒன்றுதான். இந்தப் பிரிவுக்கு எந்த நியாயத்தையும் என்னால் காண முடியவில்லை.

ஒரு காலத்தில் இதைவிட மோசமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 வரையில் தனியார் துறையில் மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாட்கள்தான் லீவு. அந்த ஆண்டின் 14ஆம், 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டங்கள்தான் எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் என்று ஆக்கின. அதேவேளை, சர்வதேச தொழில் அமைப்பின் 2000ஆம் ஆண்டின் 183ஆம் இலக்க உடன்படிக்கை குறைந்தபட்சம் 14 வாரம் என்கிறது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை, 12 வாரத்தைச் சொல்லும் பழைய 103ஆம் இலக்க உடன்படிக்கையைத்தான் 1993இல் ஏற்றது. நம்முடைய சுகாதாரத் துறையோ முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் சொல்கிறது. பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம் லீவு எடுத்த தாய், பத்து வாரப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். ஆறு மாதம் என்பது இருபத்தாறு வாரம். நடுவில் இருக்கும் பதினாறு வாரத்தை எப்படி நிரப்புவது என்று ஒரே அரசின் இரண்டு திணைக்களங்களும் கூடிப் பேசியதற்கான அடையாளம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

இந்த மூன்று ஏற்பாடுகளுக்கும் வெளியே நிற்கும் பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் வன்னியில் இருந்து எழுதும்போது அவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் இங்கே அவர்கள்தான் அதிகம். விசுவமடுவில் கச்சான் பிடுங்கப் போகிறவர், இரணைமடுக் குளத்தின் கீழ் வயலில் களை பிடுங்குகிறவர், கரையோரத்தில் மீன் காயவைக்கிறவர், வீடுகளுக்குப் போய்ச் சமைத்துக் கொடுக்கிறவர். கட்டளைச்சட்டத்தின்படி மகப்பேற்று நன்மை பெறுவதற்கு, பிரசவத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் அதே முதலாளியிடம் 150 நாட்கள் வேலைசெய்திருக்க வேண்டும். அவ்வப்போது செய்யும் தற்காலிக வேலையும், வீட்டில் இருந்தபடி பொருள் செய்து கொடுக்கும் வேலையும் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் வருவதில்லை. இன்றைக்கு ஒருவருடைய தோட்டம், நாளைக்கு இன்னொருவருடைய வயல் என்று போகும் பெண்ணுக்கு 150 நாளை எந்த முதலாளியிடம் காட்டுவது? அவருக்குப் பிரசவ லீவு என்பது கூலியில்லாத நாள் என்பதுதான். அதே வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பதும் ஊர் வழக்கமாக நின்றுவிட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற 100ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்றிருக்கிறது என்பதை வரம்பில் நின்று கூலி எண்ணிக் கொடுப்பவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இனி, அரசின் கொள்கை. ஒரு அரசு எதை நினைத்துச் சட்டம் செய்கிறது என்பதை அது கொடுக்கும் பணத்திலும் விதிக்கும் நிபந்தனையிலும்தான் பார்க்க முடியும். முதலாவது, தனியார் துறையில் பிரசவ லீவுக்கான கொடுப்பனவு முழுவதையும் அந்த முதலாளியே கொடுக்க வேண்டும். அரசோ ஒரு பொது நிதியமோ அதில் பங்கெடுப்பதில்லை. இது கேட்பதற்கு நியாயமாக இருக்கும். நடைமுறையில், இளம் பெண்ணொருத்தி நேர்முகத்துக்குப் போனால் "கலியாணம் கட்டியாச்சா, எப்போது கட்டுகிறதாக யோசனை" என்ற கேள்வி முதலில் வருவதற்கு இதுவே பெரிய காரணம். பத்துப் பெண்கள் வேலைசெய்யும் ஒரு சிறிய கடைக்காரருக்கு ஒரே வருடத்தில் மூன்று பிரசவம் என்பது தாங்கக்கூடிய செலவில்லை. அவர் அடுத்த தடவை ஆண்களை எடுப்பார், அல்லது திருமணமாகாத பிள்ளைகளை மட்டும் எடுப்பார். இந்தியாவில் 2017இல் லீவை 26 வாரமாக உயர்த்தி, அந்தச் செலவையும் முதலாளியின் தலையிலேயே வைத்தபோது இதே அச்சம் அங்கும் எழுந்தது. வியட்நாமில் ஆறு மாத லீவு; பணம் சமூகக் காப்புறுதி நிதியத்திலிருந்து வருகிறது. எல்லா முதலாளிகளும் மாதம் மாதம் கட்டும் தொகை ஒரு குடத்தில் சேர்ந்து, பிள்ளை பெறும் பெண்ணுக்குப் போகிறது. யாரை வேலைக்கு எடுத்தாலும் முதலாளிக்குச் செலவு ஒன்றுதான். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியரிடம் 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியிடம் 3 வீதமும் மாதந்தோறும் அறவிடத் தெரிந்த நாட்டுக்கு, மகப்பேற்றுக்கென்று இன்னொரு சிறு நிதியத்தை நடத்துவது முடியாத காரியமாக இருக்காது.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் வேறுபாட்டால் பாரபட்சம் காட்டப்படக்கூடாது என்கிறது. அந்த அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் போவதற்கு, மீறியது அரச நிர்வாகமாக இருக்க வேண்டும். தனியார் நிறுவனத்தின் நேர்முக அறையில் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கு அந்த வாசல் திறக்காது. 2024ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பெண்கள் வலுவூட்டல் சட்டம் பெண்களுக்கான தேசிய ஆணைக்குழுவொன்றுக்கு வழி செய்திருக்கிறது. அது இந்த இடைவெளியை எவ்வளவு மூடும் என்பது அந்த ஆணைக்குழு தன் அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதில் தங்கியிருக்கிறது.

இரண்டாவது, பழைய சட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணம். சேமலாப நிதியத்தில் சேர்ந்த பணத்தைப் பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் எடுக்கலாம். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்ணுக்கு அதற்கு முன்னரே எடுக்கவும் வழி இருக்கிறது. சலுகை போலத் தெரியும் இந்த ஏற்பாட்டின் உள்ளே, பெண் கலியாணம் கட்டினால் வீட்டுக்குப் போவாள் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. பல நிறுவனங்களில் பெண்ணை 50 வயதில் ஓய்வுபெற வைத்த வழக்கம், 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருபாலாருக்கும் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கும்வரை நீடித்தது. 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாதென்று ஒரு கட்டுப்பாடு வந்தது. குடும்பப் பின்னணி அறிக்கை வாங்கினால்தான் பயணம். 2022இல், பொருளாதார நெருக்கடிக் காலத்தில், அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று அரசு கேட்டது சரியான கேள்விதான். அதைத் தாயிடம் மட்டும் கேட்டது, தகப்பனிடம் கேட்கவில்லை, தன்னிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அந்தக் கேள்வியை நாம் கேட்போம். லீவு முடிந்து 85ஆம் நாள் விடிகிறது. தொழிற்சாலை பஸ் ஐந்து மணிக்கே சந்திக்கு வந்துவிடும். பிள்ளையை யார் வாங்குகிறார்கள்?

நாட்டின் எல்லாச் சட்டங்களும் சொல்லாமல் சொல்லும் பதில் அம்மம்மா என்பதுதான். தாயின் தாய் வீட்டில் இருப்பார், அல்லது அப்பம்மா பக்கத்து வளவில் இருப்பார், இல்லையென்றால் ஒரு சித்தியாவது இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் 84 நாள் லீவும், பதினொரு மணிக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும் இடைவேளையும் வகுக்கப்பட்டிருக்கின்றன. 1939இல் அது பொய்யான நம்பிக்கை இல்லை. போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னியில் அது பொருந்தாது. இங்கே மன்னார்க் கரையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாம்களில் இருந்து, பிறகு மீள்குடியேறிய குடும்பங்களில் எத்தனை அம்மம்மாக்கள் மிஞ்சினார்கள்? மிஞ்சியவர்களிலும் சிலர் காலில்லாமல், சிலர் காணாமற்போன மகனைத் தேடிப் போராட்டக் கொட்டகையில் குந்தியிருந்தபடி. மீள்குடியேற்றம் வீட்டைத் திருப்பிக் கொடுத்தது, அயலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முன்பு பிள்ளையை வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்த வீடு இப்போது பற்றையாக இருக்கிறது. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு மாமியார் வீட்டாரின் துணையும் பெரும்பாலும் அறுந்துபோயிருக்கும். ஆகவே கொழும்பில் எழுதப்பட்ட அதே சட்டம், அதே 84 நாள், வன்னித் தாய்க்கு வேறொரு கனத்தோடு வந்து விழுகிறது. நான் இந்தப் பதிலில் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம் இதுதான்: பிள்ளைப் பராமரிப்பை அம்மம்மாவிடம் ஒப்படைத்துவிட்ட ஒரு கொள்கை, அம்மம்மா இல்லாத மண்ணில் வேலையையோ பிள்ளையையோ கைவிடும்படி தாயிடம் கேட்கிறது.

அந்த வெற்றிடத்தைப் பெண்களே எப்படி நிரப்புகிறார்கள் என்பதை ஒரு கச்சான் காலத்தில் பார்த்தேன். கூலிக்குப் போகும் ஐந்து பெண்கள் சேர்ந்து, முழங்கால் நோவால் வேலைக்குப் போக முடியாத ஒரு ஆச்சியிடம் தங்கள் ஏழு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். தகரக் கொட்டிலின் வளையில் பழைய சேலையால் இரண்டு ஏணை கட்டியிருந்தது. ஒன்றில் ஆறு மாதப் பிள்ளை, மற்றதில் ஒன்றரை வயது. ஆச்சி ஓர் ஏணையைக் கையால் ஆட்ட, மற்றதன் கயிற்றைக் கால் பெருவிரலில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்று வயதுப் பையன் ஒருவனைக் கொட்டில் தூணில் சேலைத் துண்டால் கட்டியிருந்தது. கேட்டபோது, "கிணத்துக்குக் கட்டில்லைப் பிள்ளை, நான் எழும்பி ஓட ஏலாது" என்றார். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு சிறு தொகையும், பின்னேரம் ஒரு கைபிடி கச்சானும் அவருக்குக் கூலி. அந்த ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இல்லையென்றால் ஐந்து வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் கட்டில்லாத ஒரு கிணற்றுக்கும் ஏழு பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்பது ஒரு ஆச்சியின் முழங்கால் மட்டும்தான் என்றால், அரசு என்ற ஒன்று அந்த வளவுக்குள் இன்னும் வரவில்லை என்றுதான் பொருள்.

முன்பள்ளி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஊருக்கு ஒரு முன்பள்ளி இருப்பது உண்மை, அதற்காக மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் வெளிநாடுகளில் இருக்கும் உறவுகளும் நிறையச் செய்திருக்கிறார்கள். ஆனால் முன்பள்ளி மூன்று வயதுக்குப் பிறகுதான் பிள்ளையை எடுக்கும். காலை எட்டரைக்குத் தொடங்கிப் பகல் பதினொன்றரை அளவில் விட்டுவிடும். வேலைக்குப் போகும் தாய்க்கு அது இன்னொரு சுமையாகிறது, ஏனென்றால் பதினொன்றரைக்குப் போய்க் கூட்டிவர ஒருவர் வேண்டும். முன்பள்ளி ஆசிரியைகளும் பெண்கள், பலர் தாய்மார். அவர்களில் பெரும்பாலோர் வாங்கும் கொடுப்பனவு சம்பளம் என்று சொல்லத் தக்க தொகையில்லை. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இருக்கும் முன்பள்ளிகளில் மட்டும் ஒழுங்கான சம்பளம் கிடைப்பதால், பிள்ளைக்கு அகரம் கற்பிக்கும் வேலைக்குப் பாதுகாப்புத் துறையின் சம்பளப் பட்டியலில் பெயர் எழுத வேண்டிய நிலை வன்னியில் வந்தது. சிறுவர் பராமரிப்பை ஒரு தொழிலாக மதித்துக் கல்வித் துறையிலோ சமூக சேவைத் துறையிலோ சம்பளம் வைத்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாணத்துக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம், பராமரிப்பு நிலையங்களோடு தொடர்புபட்ட நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களமும் மாகாணத்தின் கீழ் இருக்கிறது. வடக்கு மாகாண சபை 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்டு 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. இந்த விடயத்தில் நியதிச்சட்டம் செய்யக்கூடிய, ஊர்ப் பெண்கள் போய்க் கேட்கக்கூடிய ஒரு சபை இத்தனை ஆண்டுகளாக நம்மிடம் இல்லை. தேர்தலைப் பற்றிப் பேசும்போது ஆண்கள் காணியையும் பொலிஸ் அதிகாரத்தையும் பேசுகிறார்கள், பேச வேண்டியவைதான். பிள்ளைப் பராமரிப்பும் அதே பட்டியலில் இருக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டும்.

இது நாட்டுக்குப் புதிய யோசனையுமில்லை. மலையகத் தோட்டங்களில் பிள்ளைமடுவம் தலைமுறைகளாக இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய் விடியற்காலையில் பிள்ளையை அங்கே விட்டு, இடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார். அவற்றில் குறை நிறைய இருந்தது, தோட்ட நிர்வாகம் தன் தேவைக்காகத்தான் அவற்றை வைத்தது. ஆனாலும் தாய் வேலைசெய்யும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பிள்ளை இருக்க வேண்டும் என்ற அடிப்படையை அது புரிந்துகொண்டது. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1981இல் ஏற்றது. அதன் 11ஆம் உறுப்புரை, பெற்றோர் குடும்பக் கடமையையும் வேலையையும் சேர்த்துச் செய்வதற்காகச் சிறுவர் பராமரிப்பு வசதிகளின் வலையமைப்பை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று சொல்கிறது. கையொப்பம் வைத்து நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. தொழில் செய்யும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரளவில்தான் இன்றும் இலங்கையில் தொழிற்படையில் இருக்கிறார்கள், ஆண்களில் அது 70 வீதமளவு. பெண்களுக்குப் படிப்புப் போதாது என்று யாரும் சொல்ல முடியாது; பல்கலைக்கழகங்களில் அவர்களே அதிகம்.

அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் புதுக்குடியிருப்பிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தபோது, வேலைவாய்ப்பு வந்தது என்று மகிழ்ந்தோம். அந்தத் தொழிற்சாலைகளுக்குக் காணியும் மின்சாரமும் வீதியும் ஒழுங்குசெய்த அதே அக்கறையோடு, பெண்கள் ஏறும் பஸ் தரிப்பிடங்களுக்கு அருகே, காலை ஐந்திலிருந்து மாலை ஏழு வரை திறந்திருக்கும் பராமரிப்பு நிலையங்களைப் பிரதேச சபையும் தொழிற்சாலையும் சேர்ந்து நடத்த ஒழுங்கு செய்திருக்கலாம். இன்னும் செய்யலாம். தொழிற்சாலைக்குள் ஒரு அறையைத் திறப்பதைவிடக் கிராமத்துப் பக்கம் திறப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் விடிய நாலரைக்குக் குழந்தையைப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் கொண்டுபோவதை எந்தத் தாயும் விரும்புவதில்லை. கச்சான் பிடுங்கப் போகிறவரின் பிள்ளையையும் அங்கே விடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுப் பாடசாலைகளுக்குத் தினமும் இருட்டோடு பஸ் ஏறும் ஆசிரியைகளுக்கும் இதே தேவை இருக்கிறது. நல்ல லீவு இருக்கும் அரச ஊழியர் என்பதால் அவர்களுடைய 85ஆம் நாள் சற்றுப் பிந்தி வருகிறது, வராமல் விடுவதில்லை.

தகப்பன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை. அரச ஊழியரான தகப்பனுக்கு மூன்று நாள் லீவு உண்டு. தனியார் துறையில் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. பிள்ளையை வளர்ப்பதில் ஆணுக்குப் பங்கு இல்லை என்று சட்டமே எழுதி வைத்ததற்கு இது சமம். சத்திரசிகிச்சையோடு பிள்ளை பெற்று, தண்ணீர் அள்ள முடியாமல் கிடக்கும் மனைவியை விட்டுவிட்டு மறுநாளே வேலைக்குப் போன இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் விரும்பிப் போகவில்லை. அம்மம்மா இல்லாத வீட்டில் தகப்பன்தான் இரண்டாவது ஆள். இரண்டு வாரமாவது சம்பளத்தோடு அவருக்கு லீவு கிடைத்தால், பிள்ளையைத் தூக்கவும் கழுவவும் பழகிய ஒரு ஆண் அந்த வீட்டில் இருப்பார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பாலூட்டும் இடைவேளை கேட்டு நிறுவனத்துக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். திகதி போட்டு, குழந்தையின் பிறந்த திகதியைக் குறிப்பிட்டு, கிளினிக் அட்டையின் பிரதியை இணைத்து, உங்களுக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு தூரம் என்பதால், இரண்டு இடைவேளையையும் சேர்த்து மாலையில் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போக அனுமதிக்கும்படி அதே கடிதத்தில் கேட்கலாம். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தாது, இரு பக்கமும் உடன்பட்டால் செய்யலாம், உடன்பட்ட இடங்களைக் கண்டிருக்கிறேன். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், பணம் கட்டத் தேவையில்லை. போகும்போது நியமனக் கடிதம் அல்லது சம்பளச் சீட்டு, சேமலாப நிதிய இலக்கம், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுபோங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் கடிதம் எழுத உதவுவார். பெண்களுக்கான உதவித் தொலைபேசியான 1938 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கடிதம் கொடுக்காமலே உங்களை நிறுத்திவிட்டால், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்ட பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல், பஸ் இல்லை, அடுத்த கிழமை போகலாம் என்றே நாள் ஓடிவிடும். உங்களோடு அதே பகுதியில் வேலைசெய்யும் வேறு தாய்மார் இருந்தால், கடிதத்தில் அவர்களுடைய ஒப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.